கழிப்பறை தந்தவர்கள் தொட்டி தரவில்லை

பழவேற்காட்டில் யாராவது அடைப்பு என்று பேச்செடுத்தால், கேட்பவருக்கு முதலில் நினைவுக்கு வருவது முகத்துவாரம்தான். ஏரியும் கடலும் சந்திக்கும் அந்த வாயை மணல் அடிக்கடி மூடிவிடுகிறது. மழை ஓய்ந்து, ஆரணி ஆற்றில் வரத்து நின்று, ஏரியிலிருந்து கடலுக்கு ஓடும் நீரின் வேகம் தளர்ந்துவிட்டால், கடல் கொண்டுவந்து கொட்டும் மணலைத் தள்ளிவிட எதுவும் இல்லை. வாய் மூடினால் இறாலும் மடவையும் உள்ளே வராது. படகு வெளியே போகாது. தூர்வாருங்கள், இரு பக்கமும் கல் கொட்டிச் சுவர் எழுப்புங்கள் என்று மீனவர்கள் பல்லாண்டு போராடித்தான் அரசை அந்த வேலையில் இறங்க வைத்தார்கள். ஓட்டம் குறைந்தால் அடைப்பு என்பதை இந்த மக்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

அதே விதிதான் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கழிப்பறையிலும் வேலை செய்கிறது. எவ்வளவு நீர், என்ன வேகம், வழியில் என்ன கிடக்கிறது: குழாய் திறந்திருக்குமா அடைந்துபோகுமா என்பது இவற்றைப் பொறுத்தது. ஆனால் முகத்துவாரத்துக்காகத் தெருவில் இறங்கிய ஊரில், கழிப்பறை அடைப்பு மட்டும் அவரவர் வீட்டுச் சங்கடமாகவே இருக்கிறது. வெளியே சொல்லக் கூச்சம். ஆள் கூப்பிட்டால் செலவு. கம்பியை விட்டுக் குடைந்து பார்ப்பது, ஒரு பாட்டில் ஆசிட் ஊற்றுவது, பிறகு இரண்டு நாள் பக்கத்து வீட்டுக்குப் போவது. இதுதான் வழக்கம்.

அந்தக் கம்பியின் நுனியில் சிக்கி வெளியே வரும் சாமான்களில் புதிதாகச் சேர்ந்திருப்பது 'வெட் வைப்ஸ்' எனப்படும் ஈரத்தாள். ஒரு காலத்தில் விமானத்திலும் பெரிய ஓட்டலிலும் மட்டும் தென்பட்ட பொருள், இன்று மருந்துக்கடை இருக்கும் ஊரிலெல்லாம் கிடைக்கிறது. குழந்தைக்கு ஒன்று, முகம் துடைக்க ஒன்று, கொரோனாவுக்குப் பிறகு கிருமிநாசினி தோய்த்தது ஒன்று என்று வகைவகையாக வந்துவிட்டது. குழந்தை பார்க்க வருகிறவர்கள் வாங்கிவரும் பரிசுப் பெட்டிக்குள் பவுடருக்கும் சோப்புக்கும் நடுவில் அது இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து பூநாரை பார்க்கவும் இறால் சாப்பிடவும் வருகிறவர்களின் கைப்பையிலும் இருக்கிறது. தண்ணீரால் கழுவுவதே சுத்தம் என்று நம்பும் ஊர் இது. டாய்லெட் பேப்பரைக் கேலி செய்து சிரித்த தாத்தாக்களும் பாட்டிகளும் இன்னும் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே பேரப்பிள்ளைக்கு ஈரத்தாள் பாக்கெட் பிரிக்கப்படுகிறது.

உண்மையைச் சொன்னால், குப்பங்களில் வைப்ஸ் தனியாகக் குற்றம் செய்வதில்லை. நாப்கின், டயப்பர், கிழிந்த துணி, ஷாம்பு பாக்கெட் என்று பழைய கூட்டாளிகள் உண்டு. ஆனாலும் வைப்ஸுக்கு மட்டும் ஒரு தனிச் சலுகை கிடைத்திருக்கிறது. நாப்கினையோ டயப்பரையோ கழிப்பறையில் போடக்கூடாது என்பது போடுகிறவருக்கே தெரியும். மறைக்க வேறு வழி தெரியாமல் போடுகிறார். வைப்ஸ் விஷயத்தில் அந்த உறுத்தல்கூட இல்லை. பார்க்கத் தாள் மாதிரி இருக்கிறது, கசக்கினால் உள்ளங்கைக்குள் அடங்குகிறது, தண்ணீர் ஊற்றியதும் கண்ணைவிட்டு மறைந்துவிடுகிறது. போதாக்குறைக்குச் சில பாக்கெட்டுகளில் 'ஃப்ளஷபிள்', அதாவது கழிப்பறையில் போட்டுக் கழுவிவிடலாம், என்று கொட்டை எழுத்தில் அச்சடித்தே விற்கிறார்கள்.

அது தாள் அல்ல, துணி. டாய்லெட் பேப்பர் குட்டையான மர இழைகளால் ஆனது. நனைந்ததும் இழைகளுக்கு இடையிலான பிடி தளர்ந்து, கலக்கினால் சில நிமிடத்தில் கூழாகிவிடும். வைப்ஸ் அப்படி நடந்துகொண்டால் அதை யாரும் வாங்க மாட்டார்கள். மாதக்கணக்கில் ஈரத்தில் ஊறிக் கிடந்தும், பாக்கெட்டிலிருந்து இழுக்கும்போது கிழியாமல் வர வேண்டும் என்பதுதான் அதன் இலக்கணம். அதற்காகவே பாலியெஸ்டர், பாலிப்ரோப்பிலீன் போன்ற பிளாஸ்டிக் இழைகளையோ, நீளமான விஸ்கோஸ் இழைகளையோ எடுத்து, மிக அழுத்தமான நீர்த்தாரையால் அடித்து ஒன்றோடொன்று பின்னவைக்கிறார்கள். தண்ணீரால் அடித்துப் பின்னிய ஒன்று ஒரு சொம்புத் தண்ணீரில் பிரிந்துபோகும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. வீட்டு ஆசிட்டும் பாலியெஸ்டரை அசைக்காது. அது செய்யும் வேலையெல்லாம் கழிவுத் தொட்டிக்குள் மலத்தை மக்கவைக்கும் நுண்ணுயிர்களைக் கொல்வதும், ஊற்றுகிறவரின் கண்ணையும் மூக்கையும் எரியவைப்பதும்தான். சந்தேகம் உள்ளவர்கள் ஒரு வைப்ஸை மூடி போட்ட தண்ணீர் பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்கி, மறுநாள் காலையில் எடுத்துப் பார்க்கலாம். பிழிந்து கொடியில் காயப்போடலாம். அவ்வளவு முழுசாக இருக்கும்.

இனி கிராமத்துக் கழிப்பறையின் உடலமைப்பைப் பார்க்க வேண்டும். தூய்மை பாரத இயக்கம் 2014 அக்டோபர் 2 அன்று தொடங்கியபோது, தனிநபர் இல்லக் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. அந்தத் திட்டம் பரிந்துரைத்த இரட்டைக் குழி மாதிரி, தண்ணீர்ப் பஞ்சத்தை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டது. பீங்கானின் சரிவு செங்குத்தாக இருக்கும். அதன் அடியில் வளைந்திருக்கும் 'ட்ராப்' என்ற பகுதியில் 20 மில்லிமீட்டர் உயரத்துக்கு மட்டுமே நீர் தேங்கி நிற்கும். ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் நீரைக் கையால் ஊற்றினாலே எல்லாம் இறங்கிவிட வேண்டும் என்பது கணக்கு. குடத்தில் தண்ணீர் சுமக்கும் பெண்களுக்கு இது பெரிய கருணை. நகரத்து ஃப்ளஷ் தொட்டியோ ஒரே மூச்சில் அதைப்போலப் பல மடங்கு நீரைத் தள்ளும் பழக்கம் உள்ளது.

அந்தச் சிக்கனம்தான் வைப்ஸுக்கு வசதியாகிவிடுகிறது. மலமும் நீரும் நழுவி இறங்கப் போதுமான இரண்டு லிட்டர், ஒரு கைக்குட்டை அகலத் துணியை வளைவைத் தாண்டித் தூக்கிச் செல்லப் போதாது. அது ட்ராப்பின் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து வரும் முடி அதில் சுற்றும், அடுத்த வைப்ஸ் அதன் மேல் படியும். சிமெண்ட் பூச்சு சரியாக வழிக்கப்படாத இணைப்பு, குழாயின் உள்ளே துருத்திக்கொண்டிருக்கும் ஒரு விளிம்பு, இரண்டு குழிகளுக்கும் பிரியும் இடத்தில் இருக்கும் சிறிய சேம்பர் என்று வழியெல்லாம் அதற்கு உட்காரத் திண்ணைகள் உண்டு. செப்டிக் டேங்க் கட்டிய வீடுகளில், உள்ளே போய்ச் சேர்ந்த வைப்ஸ் மேலே மிதக்கும் ஆடையோடு கலந்து வெளிச்செல்லும் குழாயின் வாயை மறிக்கும். ஒரே ஒரு வைப்ஸ் போட்டால் ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. பத்தாவதோ இருபதாவதோ போட்டவர் வீட்டில்தான் பீங்கான் நிரம்பி நிற்கிறது. அன்றைக்கு எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது. கடைசியாக உள்ளே போனவர் தலையில் பழி விழும்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். பழவேற்காட்டுக்கென்று கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. அது தரைக்குக் கீழே இருக்கிறது.

லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், வைரவன்குப்பம் போன்ற ஊர்கள் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி அல்லது கால்வாய் என்று மணல்மேட்டில் அமர்ந்திருக்கின்றன. இந்த மணலில் நீர்மட்டம் மிக மேலே. கொஞ்சம் தோண்டினால் ஊறும். வடகிழக்குப் பருவமழை வலுத்தால் தோண்டாமலே தெரியும். இரட்டைக் குழிக் கழிப்பறையின் பொறியியல் விதியோ, குழியின் அடிமட்டத்துக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே குறைந்தது 2 மீட்டர் வறண்ட மண் இருந்தால்தான் கிருமிகள் வடிகட்டப்படும் என்கிறது. அந்த 2 மீட்டரை இந்தக் குப்பங்களில் எங்கே போய்த் தேடுவது? நீர்மட்டம் உயர்ந்த இடத்தில் குழியைத் தரைக்கு மேலே உயர்த்திக் கட்டி, சுற்றிலும் மணல் போர்த்த வேண்டும் என்று அரசின் கையேடே சொல்கிறது. அதற்கு ஆகும் அதிகச் செலவை 12,000 ரூபாய் தாங்காது. ஆகவே பல இடங்களில் நடப்பது இதுதான்: சிமெண்ட் உறை நாலு இறக்கி, மேலே ஒரு மூடி போட்டு, கழிப்பறை முடிந்தது என்று படம் எடுத்து அனுப்பிவிடுவது.

கார்த்திகை மாதத்தில் அந்த உறைக்குள் இருக்கும் நீரும் வெளியே மணலில் இருக்கும் நீரும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். அப்போது மேலே ஊற்றுகிற தண்ணீருக்குப் போக இடமில்லை. அடைப்பு என்று நினைத்துக் குடைகிறார்கள். அங்கே அடைப்பே இல்லை, குழிதான் முழுகிக் கிடக்கிறது. தை, மாசியில் நீர் வடிந்த பிறகும் இறங்காமல் நின்றால் அதுதான் துணி செய்த வேலை. இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. சேம்பர் மூடியைத் திறந்து பார்த்தால் போதும். பீங்கானில் நீர் நிற்கிறது, சேம்பர் காய்ந்து கிடக்கிறது என்றால் ட்ராப்பிலோ அடுத்த குழாயிலோ ஏதோ சிக்கியிருக்கிறது. சேம்பரும் சேர்ந்து நிரம்பியிருந்து, அதன் வாயில் எதுவும் சிக்கியிருக்கவில்லை என்றால் பிரச்சினை குழியில். கம்பி விட்டுப் பயனில்லை. இந்த ஒரு விஷயத்தைக் கழிப்பறை கட்டும்போதே வீட்டுக்காரருக்குச் சொல்லியிருந்தால் எத்தனையோ ஆசிட் பாட்டில் மிச்சமாகியிருக்கும்.

முழுகிய குழியில் இருப்பது எங்கே போகும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. மணல் வழியாகக் கசிந்து ஏரிக்குப் போகும். சராசரியாக ஒரு மீட்டர் ஆழம் மட்டுமே உள்ள ஏரி அது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரியது என்ற பெருமை வேறு. இந்த நீரில்தான் பெண்கள் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். ஏரியின் ஓரங்களிலும் பக்கிங்காம் கால்வாயிலும் இடுப்பளவு சேற்றில் நடந்தபடி, ஓலைக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு இருளர் பெண்கள் செய்யும் வேலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வாய்க்கும் நீருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று. எண்ணூர் அனல்மின் நிலையங்களின் சாம்பல், காட்டுப்பள்ளித் துறைமுகம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூரில் பரவிய எண்ணெய்க் கசிவு என்று இந்தக் கடலோரத்துக்கு வந்த கேடுகளில் பெரும்பாலானவை வெளியாட்கள் கொண்டுவந்தவை. அவற்றுக்கு முன்னால் கழிப்பறைத் துணி சின்ன விஷயம்தான். ஆனால் அவற்றை நிறுத்த உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கிறது. இதை நிறுத்த ஊராட்சி அலுவலகம் வரை போனால் போதும்.

பாதாளச் சாக்கடை உள்ள பணக்கார நகரங்களே வைப்ஸிடம் தோற்றுத்தான் நிற்கின்றன. 2017 செப்டம்பரில் லண்டன் வொயிட்சேப்பல் தெருவுக்கு அடியில், வைப்ஸும் டயப்பரும் சமையல் கொழுப்பும் சேர்ந்து இறுகிய 250 மீட்டர் நீளப் பிண்டம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. எடை சுமார் 130 டன். உடைத்து அகற்ற வாரக்கணக்கில் ஆனது. அதன் ஒரு துண்டை லண்டன் அருங்காட்சியகம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்சிக்கு விட்டது. மக்கள் வரிசையில் வந்து பார்த்தார்கள். தேம்ஸ் ஆற்றில் ஹாமர்ஸ்மித் பாலத்தருகே வைப்ஸ் படிந்து படிந்து இரண்டு டென்னிஸ் மைதான அளவுக்குத் திட்டு உருவாகி, 2025இல் இயந்திரங்களை இறக்கி வாரினார்கள். அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் 2018இல் நடந்தது இன்னும் கொடுமை. கழிவுநீர் நிலையத்தின் கிணற்றில் வைப்ஸ் சிக்கிப் பம்புகள் திணற, முக்குளிப்பவர்களை 80 அடிக்கும் அதிக ஆழத்தில், ஒன்றும் தெரியாத கழிவுநீருக்குள் இறக்கினார்கள். கையால் தடவித்தான் அந்தத் துணிக் கற்றையை வெளியே எடுக்க முடிந்தது.

அந்த முக்குளிப்பவர்களுக்கு உடல் முழுதும் மூடிய உடையும், மேலிருந்து காற்றுக்குழாயும், வெளியே வந்ததும் கிருமிநீக்கக் குளியலும் இருந்தன. இங்கே செப்டிக் டேங்க் லாரியின் குழாயில் துணி சிக்கினால் என்ன நடக்கும் என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியாததல்ல. உறிஞ்சுகிற இயந்திரம் நின்றுவிடும். ஒருவர் கம்பால் கிளறுவார். அதுவும் சரிவராவிட்டால் இன்னொருவர் இறங்குவார், விஷவாயு தாக்கும், அவரைக் காப்பாற்ற மற்றவர் இறங்குவார். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்த 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. 2014இல் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு சாவுக்கும் 10 லட்சம் இழப்பீடு என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அப்படியும், 1993 முதல் பதிவான சாக்கடை, செப்டிக் டேங்க் மரணங்களின் பட்டியலில் இந்திய மாநிலங்களில் தமிழகம்தான் முன்னணியில் இருக்கிறது. ஒரு வைப்ஸ் ஒரு உயிரைக் குடித்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது. இயந்திரத்தை நிறுத்தி மனிதனை இறங்க வைக்கும் பொருள்களில் அதுவும் ஒன்று என்பதை யாரும் மறுக்கவும் முடியாது.

சார்ல்ஸ்டன் அழுதுகொண்டு உட்காரவில்லை, வழக்குப் போட்டது. 2021இல் தயாரிப்பாளர்களையும் பெரிய கடைகளையும் நீதிமன்றத்துக்கு இழுத்தது. 2022இல் கிம்பர்லி கிளார்க் நிறுவனம் சமரசத்துக்கு வந்து, கழிவுநீர்த் துறையினர் ஏற்கும் கரைதல் தரத்துக்குத் தன் பொருளை மாற்றுவதாக ஒப்புக்கொண்டது. ஆஸ்திரேலியாவில் முடிவு இரண்டுவிதமாக வந்தது. 'வொயிட் கிங்' வைப்ஸை டாய்லெட் பேப்பர் போலக் கரையும் என்று விளம்பரம் செய்த பென்டல் நிறுவனத்துக்கு 2018இல் 7 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது. கிம்பர்லி கிளார்க் மீது அங்கே தொடுக்கப்பட்ட வழக்கு மட்டும் 2019இல் தோற்றது. அந்த நிறுவனத்தின் வைப்ஸ்தான் அடைப்புக்குக் காரணம் என்று காட்டச் சான்று போதவில்லை என்றது நீதிமன்றம். சாக்கடையில் கிடைக்கும் துணியில் பிராண்ட் பெயர் இருக்காதே! அதே ஆண்டு டொரொண்டோவின் ரயர்சன் பல்கலைக்கழகம் 101 பொருட்களைச் சோதித்தது. கழிப்பறையில் போடலாம் என்று சொல்லி விற்கப்பட்ட வைப்ஸில் ஒன்றுகூட குழாயைப் பத்திரமாகக் கடக்கும் அளவுக்குச் சிதையவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை முதல், பிளாஸ்டிக் கலந்த வைப்ஸ் பாக்கெட்டுகளில் செத்து மிதக்கும் ஆமைப் படத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பழவேற்காட்டுக் கரைக்கு ஆமைப் படம் தேவையில்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரை நெடுகிலும் நூற்றுக்கணக்கில் ஒதுங்கிய பங்குனி ஆமைகளின் துர்நாற்றத்தை இந்த ஊர் அறியும். அவை இழுவலையில் சிக்கி மாண்டவை, அந்தப் பாவம் வைப்ஸைச் சேராது. படம் வேண்டாம். பாக்கெட்டின் முகப்பில், தமிழில், படிக்கக்கூடிய அளவில், கழிப்பறையில் போடாதீர்கள் என்று ஒரு வரி அச்சிட்டால் போதும்.

இங்கேதான் நம் ஊர்ச் சட்டங்கள் சறுக்குகின்றன. தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்த 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களில் வைப்ஸ் இல்லை. ஒன்றிய அரசின் 2022 ஜூலைத் தடையிலும் இல்லை. பிளாஸ்டிக் என்று யாருக்கும் தோன்றாததால் அது பட்டியலுக்குள் வரவே இல்லை போலும். 2016 திடக்கழிவு விதிகள் நாப்கினையும் டயப்பரையும் பெயர் சொல்லிச் சுகாதாரக் கழிவு என்றன. வைப்ஸ் 'இதுபோன்ற பிற' என்ற வாலில் தொங்கியது. நாப்கின், டயப்பர் விற்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் சுற்றி எறிய உறை தர வேண்டும் என்று அந்த விதிகள் கேட்டுக்கொண்டன. தவிரவும் அவை நகரங்களை நினைத்து எழுதப்பட்டவை. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் புதிய விதிகள் ஈரக் குப்பை, உலர் குப்பை, சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் தேவைப்படும் கழிவு என்று நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. கிராமங்களையும் உள்ளே கொண்டுவருகின்றன. காகிதத்தில் நல்ல மாற்றம். ஆனால் மூன்றாவது வகையை வீட்டில் எதில் போட்டு வைப்பது, யார் வந்து வாங்கிச் செல்வது, எங்கே கொண்டுபோய் என்ன செய்வது என்ற கேள்விகளுக்குக் குப்பங்களில் இன்னும் பதில் தேட வேண்டியிருக்கிறது.

அந்தப் பதில் இல்லாத சுமை முழுவதும் பெண்கள் மேல்தான் விழுகிறது. 2011-12ஆம் ஆண்டில் தமிழக அரசு 'புதுயுகம்' என்ற பெயரில் கிராமத்து வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் தரத் தொடங்கியது. இந்தியாவுக்கே முன்னோடியான திட்டம் அது. குறை சொல்ல மனம் வராது. ஆனாலும் கேட்க வேண்டியிருக்கிறது. பாக்கெட்டைக் கையில் கொடுத்த அரசு, பயன்படுத்திய பிறகு அதை அந்தப் பெண் எங்கே போடுவாள் என்று யோசித்ததா? ஓர் அறையும் ஒரு கூடமும் உள்ள வீடு. பின்னால் அடுத்த வீட்டின் சுவர். ஆண்கள் வலை பின்னிக்கொண்டிருக்கும் மணல்வெளி. புதைத்தால் நாய் கிளறும், எரித்தால் புகையும் நாற்றமும் காட்டிக்கொடுக்கும், ஏரியில் எறிந்தால் அண்ணன் வலையிலேயே வந்து சிக்கும். தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள முடிந்த ஒரே இடம் கழிப்பறை. அதற்குள் ஒரு மூடி போட்ட தொட்டி இல்லையென்றால், பீங்கான்தான் தொட்டி.

கழிப்பறைத் திட்டத்தின் 12,000 ரூபாயில் கைகழுவவும் கழிப்பறையைக் கழுவவும் தண்ணீர் சேமிக்கும் வசதிக்கு இடம் இருந்தது. தொட்டிக்கு இடம் இல்லை. ஓர் ஆணுக்குக் கழிப்பறையில் குப்பை சேராது; திட்டம் தீட்டிய மேசையைச் சுற்றி யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை ஊகிக்க இதுவே போதும். பழி மட்டும் பயன்படுத்துகிறவருக்கு. பிளம்பர் வந்து கம்பியால் இழுத்துப் போடுவதைப் பார்த்து வீட்டு ஆண்கள் முகம் சுளிக்க, யார் போட்டது என்ற விசாரணை மருமகளிடம் போய் நிற்கும். கழிப்பறையில் எதையும் போடாதீர்கள் என்று சுவரில் எழுதி ஒட்டும் விழிப்புணர்வுப் பிரசாரங்கள் எல்லாம் இந்த மருமகளை நோக்கித்தான் விரலை நீட்டுகின்றன. போடாதே என்று சொல்லும் உரிமை, எங்கே போடுவது என்று காட்டியவருக்குத்தான் உண்டு.

இதற்குச் செலவு பயமுறுத்துகிற அளவில் இல்லை. காலால் மிதித்துத் திறக்கும் தொட்டி ஒன்று, பழைய செய்தித்தாள் கொஞ்சம், வாரம் இரண்டு முறை சுகாதாரக் கழிவை மட்டும் தனிப் பையில் வாங்கிச் செல்லும் ஏற்பாடு. வாங்கிச் செல்வதற்கு ஊராட்சிகளில் ஏற்கெனவே தூய்மைக் காவலர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தடித்த கையுறையும் கூடுதல் ஊதியமும் தராமல் இந்த வேலையைத் தலையில் கட்டினால், பிரச்சினையை ஒரு ஏழையிடமிருந்து இன்னொரு ஏழைக்கு மாற்றியதாகத்தான் ஆகும். அவர்களிலும் பெரும்பாலோர் பெண்கள். சேர்ந்ததை ஊருக்கு வெளியே குவித்துக் கொளுத்தவும் கூடாது. பிளாஸ்டிக் இழைகளைக் குறைந்த வெப்பத்தில் எரித்தால் வருவது நச்சுப்புகை. பள்ளிகளில் வைத்திருக்கும் குட்டி எரிகலன்களிலும் இதே கோளாறு உண்டு. மருத்துவமனைக் கழிவை எரியூட்டும் பொது மையங்களுக்கே இதையும் அனுப்பலாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அந்த வண்டி வருகிறதல்லவா, ஊராட்சியின் பைகளையும் ஏற்றிக்கொண்டால் என்ன?

பணம் யார் தருவது என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. விற்றவர்கள். பிளாஸ்டிக் உறைகளைத் தயாரிப்பவர்கள் அவற்றைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று இந்திய விதிகள் ஏற்கெனவே சொல்கின்றன. வைப்ஸ் பாக்கெட்டின் மேலுறைக்குப் பொருந்தும் பொறுப்பு உள்ளே இருக்கும் எண்பது துணிக்குப் பொருந்தாது என்பது விசித்திரமான நியாயம். வைப்ஸ், நாப்கின், டயப்பர் மூன்றுக்கும் அதை விரிவாக்கி, வரும் பணத்தில் ஒரு பங்கை ஊராட்சிகளுக்குக் கொடுக்கலாம். இந்தியாவில் விற்கும் எந்த வைப்ஸ் மேலும் 'ஃப்ளஷபிள்' என்று அச்சிடக்கூடாது என்று நுகர்வோர் துறை ஓர் உத்தரவு போடலாம். பாதாளச் சாக்கடையே இல்லாத கோடிக்கணக்கான வீடுகள் உள்ள நாட்டில் அந்த உறுதிமொழிக்குப் பொருளே இல்லை. பிளாஸ்டிக் இல்லாத மூங்கில் வைப்ஸ், பருத்தி வைப்ஸ் என்று புதிதாக வருபவற்றுக்கும் இது பொருந்த வேண்டும். அவை மண்ணில் மக்கலாம். ட்ராப்பில் மக்குவதற்குள் வீட்டில் விருந்தாளி வந்துவிடுவார்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மீஞ்சூர் ஒன்றியத்தின் கடலோர ஊராட்சிகள் ஏதேனும் ஒரு கூட்டத்தில் இந்த விஷயத்தைப் பேச எடுத்துக்கொள்ளலாம். எத்தனை கழிப்பறைகள் மழைக்காலத்தில் முழுகுகின்றன என்ற கணக்கெடுப்பு, வீட்டுக்கொரு தொட்டி, சேகரிக்கும் நாள், தூய்மைக் காவலருக்கான படி, சுற்றுலாப் பயணிகள் வரும் உணவகங்களின் கழிப்பறைகளிலும் தொட்டி கட்டாயம் என்ற நிபந்தனை ஆகிய ஐந்தும் ஒரே தீர்மானத்தில் அடங்கும். முதல் மூன்று வரிகளைப் பெண்களே எழுதினால் நல்லது.